முக்காலி (ஒளிப்படவியல்)

முக்காலி என்பது ஒளிப்படக்கருவி அல்லது நிகழ்படக்கருவியை அசையாமல் தாங்கி நிற்கப் பயன்படும், மூன்று கால்களைக் கொண்ட தாங்கி ஆகும். பேச்சு வழக்கில் இது டிரைபாட் என்றும் ஸ்டாண்டு என்றும் அழைக்கப்படுகிறது. குறைந்த ஒளியில் நீண்ட நேரம் ஒளிபடச் செய்து படமெடுக்கவும், நீண்ட குவியத் தூரம் கொண்ட தொலைவில்லைகளைக் கையாளவும், நிகழ்படத்தில் சட்டகத்தைச் சீராக நகர்த்தவும், ஒரே இடத்திலிருந்து பல படங்களை எடுத்து இணைக்கவும் இது தேவைப்படுகிறது.

எல்லாப் பணிக்கும் பொருந்தும் முக்காலி என ஒன்று இல்லை. உறுதி, எடை, விலை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எதிர்ப்பவை. எனவே என்ன வில்லை, எந்த இடம், எவ்வளவு நேரம் என்பவற்றை முதலில் முடிவு செய்துகொண்டு, அவற்றிலிருந்து பின்னோக்கிச் சென்று முக்காலியைத் தெரிவு செய்வதே சரியான முறையாகும்.

மூன்று கால்கள் ஏன்

ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானிக்கின்றன. எனவே மூன்று கால்களை உடைய எந்தத் தாங்கியும் மேடுபள்ளமான தரையிலும் ஆட்டமின்றி நிற்கும். நான்கு கால்கள் இருப்பின், நான்காவது கால் மற்ற மூன்றின் தளத்தில் சரியாக அமையாதபோது தாங்கி ஆடும். நில அளவைக் கருவிகளும் இதே காரணத்தால் முக்காலியின் மீதே பொருத்தப்படுகின்றன. எனினும் மூன்று பாதங்களும் உருவாக்கும் முக்கோணத்தின் எல்லைக்கு வெளியே கருவியின் ஈர்ப்பு மையம் சென்றுவிட்டால் முக்காலி கவிழ்ந்துவிடும்.

வரலாறு

ஒளிப்படவியலின் தொடக்க காலத்தில் முக்காலி தவிர்க்க முடியாத தேவையாக இருந்தது. 1839 இல் பிரான்சில் அறிவிக்கப்பட்ட டாகுவேரியோ முறையில் ஒரு படத்திற்குப் பல நிமிடங்கள் ஒளிபட வேண்டியிருந்தது. கருவிகளும் பெரிய மரப்பெட்டிகளாக இருந்தமையால் அவற்றைக் கையில் பிடித்துப் படமெடுப்பது இயலாததாகும்.

தமிழகத்தில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு லின்னேயஸ் டிரைப்பின் பணியாகும். கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரியான இவர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படவியலாளராக நியமிக்கப்பட்டு, 1857 இன் இறுதியிலும் 1858 இலும் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய இடங்களில் மெழுகுத்தாள் எதிர்ப்படங்களைப் பயன்படுத்திப் படமெடுத்தார். தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை, கருவியைச் சுவர் நெடுகிலும் நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை இணைத்து ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். ஒவ்வொரு முறையும் கருவியின் உயரமும் தொலைவும் ஒத்திருந்தால் மட்டுமே இத்தகைய இணைப்பு அமையும். இதனை உறுதிப்படுத்துவது தாங்கியே ஆகும்.

20ஆம் நூற்றாண்டில் சிறிய சுருள்படக் கருவிகளும் விரைவாக ஒளியுணரும் படச்சுருள்களும் வந்தபின் பகல் வெளிச்சத்தில் முக்காலி கட்டாயமாக இருக்கவில்லை. மறுபுறம் திரைப்படமும் பின்னர் தொலைக்காட்சியும் புதிய தேவையை உருவாக்கின. கருவியைத் திருப்பும்போது ஏற்படும் குலுக்கத்தை நீக்க, பிசுபிசுப்பான பாய்மத்தின் தடையைப் பயன்படுத்தும் பாய்மத் தலைகள் 1940களில் உருவாயின. ஆத்திரேலியாவின் எரிக் மில்லரும் அமெரிக்காவின் சாட்வெல் ஓ'கானரும் இத்துறையின் முன்னோடிகள் ஆவர். ஓ'கானர் நீராவித் தொடர்வண்டிகளைப் படம்பிடிக்கும் ஆர்வத்தால் தமக்கென இத்தகைய தலையை உருவாக்கிக்கொண்டவர். 1994 இல் பிரான்சின் கிட்சோ நிறுவனம் கார்பன் இழையாலான முக்காலியை அறிமுகப்படுத்தியது. இதன்பின் எடை குறைந்த உறுதியான முக்காலிகள் பரவலாயின.

முக்காலியின் தேவை

கையில் பிடித்துப் படமெடுக்கும்போது, ஒளிபடும் நேரம் குவியத் தூரத்தின் தலைகீழ் எண்ணை மிகக் கூடாது என்பது பழைய நடைமுறை விதியாகும். அதாவது 50 மி.மீ. வில்லைக்கு 1/50 நொடியும், 400 மி.மீ. வில்லைக்கு 1/400 நொடியும் எல்லைகளாகும். இவ்விதி 35 மி.மீ. படச்சுருள் அளவுள்ள கருவிகளுக்கு உரியது. உருவ நிலைப்படுத்தும் தொழில்நுட்பம் இவ்வெல்லையைப் பல மடங்கு தளர்த்தியுள்ளது. எனினும் நொடிக்கணக்கில் ஒளிபடும் படங்களுக்கு முக்காலிக்கு மாற்று இல்லை.

எவ்வளவு சிறிய அசைவு படத்தைக் கெடுக்கும் என்பதை ஒரு கணக்கின் மூலம் அறியலாம். 400 மி.மீ. வில்லையும், 4 மைக்ரோமீட்டர் அகலமுள்ள படப்புள்ளிகளைக் கொண்ட உணரியும் உள்ள கருவியில், ஒரு படப்புள்ளி அளவு உருவம் நகர 0.00001 ரேடியன் திருப்பமே போதும். 20 செ.மீ. நீளமுள்ள கருவியின் ஒரு முனை மறுமுனையைவிட 2 மைக்ரோமீட்டர் உயர்ந்தாலே இத்திருப்பம் ஏற்பட்டுவிடும். இது தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகும். கண்ணுக்கு உறுதியாகத் தோன்றும் முக்காலி, தொலைவில்லைக்கு உறுதியற்றதாக இருப்பதன் காரணம் இதுவே.

அமைப்பு

முக்காலி பொதுவாகக் கால்கள், உச்சித்தட்டு, நடுத்தண்டு, தலை, பிணைத்தட்டு ஆகிய பகுதிகளைக் கொண்டது. இவற்றுள் மிக வலுக்குறைந்த பகுதி எதுவோ அதுவே முழு முக்காலியின் உறுதியைத் தீர்மானிக்கிறது. தடித்த கால்களின் மீது மெலிந்த தலையைப் பொருத்துவதால் பயனில்லை.

கால்கள்

கால்கள் ஒன்றினுள் ஒன்று நுழையும் 3, 4 அல்லது 5 குழாய்த் துண்டுகளால் ஆனவை. துண்டுகள் கூடும்போது மடித்த நீளம் குறையும். ஆனால் இணைப்புகள் கூடுவதாலும் கடைசித் துண்டு மெலிவதாலும் உறுதியும் குறையும். மெல்லிய சுவருடைய குழாயின் வளைவு எதிர்ப்பு, சுவரின் தடிப்பு மாறாதிருப்பின், விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. எனவே 22 மி.மீ. குழாயைவிட 28 மி.மீ. குழாய் ஏறத்தாழ இருமடங்கு வளைவை எதிர்க்கும். முக்காலியை வாங்குபவர் மேல் குழாயின் தடிப்பை மட்டும் பார்க்காமல் கடைசிக் குழாயின் தடிப்பையும் பார்க்க வேண்டும்.

துண்டுகளைப் பூட்டும் முறைகள் இரண்டு. நெம்புப் பூட்டு விரைவாக இயங்குவது. பூட்டப்பட்டுள்ளதா என்பது பார்த்தவுடன் தெரியும். ஆனால் நாளடைவில் தளர்வதால் அவ்வப்போது திருகாணியை இறுக்க வேண்டும். திருகுப் பூட்டு வெளியே நீட்டிக்கொண்டிராதது, தூசியை ஓரளவு தடுப்பது. ஆனால் முழுமையாக இறுக்கப்பட்டதா என்பதைக் கையால் மட்டுமே உணர முடியும்.

கால்கள் செய்யப்படும் முதன்மைப் பொருட்கள் பின்வருமாறு:

- அலுமினியம்: அடர்த்தி ஒரு கன செ.மீ. க்கு 2.7 கிராம். விலை குறைவு. அடிபட்டால் நசுங்கும், ஆனால் எளிதில் உடையாது. கோடை வெயிலில் தொட முடியாதபடி சுடும். உப்புநீரால் அரிக்கப்படும்.
- கார்பன் இழைக் கூட்டுப்பொருள்: அடர்த்தி ஏறத்தாழ 1.6 கிராம். எடை குறைவு, அதிர்வு விரைவில் அடங்கும். விலை அதிகம். கூர்மையான அடி பட்டால் விரிசல் விடலாம்.
- மரம்: அதிர்வை நன்கு அடக்கும். நில அளவையிலும் வானோக்கலிலும் பயன்படுகிறது. எடையும் பருமனும் அதிகம்.
- நெகிழி: மிகச் சிறிய கருவிகளுக்கும் செல்பேசிகளுக்கும் மட்டுமே ஏற்றது.

நடுத்தண்டு

நடுத்தண்டு உயரத்தை விரைவாக மாற்ற உதவுகிறது. ஆனால் அதனை முழுவதும் உயர்த்தும்போது முக்காலி, உச்சியில் ஒரு ஒற்றைக்காலைத் தாங்கியதாக மாறிவிடுகிறது. அதிர்வு கூடி, காற்றில் நடுங்கும். எனவே நடுத்தண்டை உயர்த்தாத நிலையிலேயே தேவையான உயரத்தைத் தரும் முக்காலியே நல்லது. நடுத்தண்டு இல்லாதவை அல்லது கழற்றக்கூடியவை தரைமட்டத்தில் படமெடுக்கவும் ஏற்றவை.

திருகாணிகள்

கருவியின் அடிப்பகுதியில் பொருந்தும் திருகாணி 1/4 அங்குல விட்டமும், தலையைக் கால்களுடன் இணைக்கும் திருகாணி பெரும்பாலும் 3/8 அங்குல விட்டமும் உடையவை. இவ்வளவுகள் ஐஎஸ்ஓ 1222 என்னும் பன்னாட்டுத் தரத்தில் அடங்கியவை. ஆகவே ஒரு நிறுவனத்தின் கால்களின் மீது மற்றொரு நிறுவனத்தின் தலையைப் பொருத்த முடியும். பிணைத்தட்டுகளுக்கு இத்தகைய பொதுத்தரம் இல்லை. ஏறத்தாழ 38 மி.மீ. அகலமுள்ள ஆர்க்கா-சுவிஸ் வடிவமே பரவலாகப் பல நிறுவனங்களால் பின்பற்றப்படுகிறது. தட்டு தொலைந்தால் மாற்று கிடைக்காத முக்காலி பயனற்றதாகிவிடும் என்பதால் இது கவனிக்கத்தக்கது.

தலை வகைகள்

- மூவழித் தலை: கிடைமட்டம், செங்குத்து, பக்கச் சாய்வு ஆகிய மூன்று அசைவுகளையும் தனித்தனியே பூட்டலாம். கட்டடங்கள், ஆவணங்கள், சிற்பங்கள் ஆகியவற்றைப் படமெடுக்க ஏற்றது. மெதுவானது.
- பந்துத் தலை: ஒரே பூட்டால் எல்லாத் திசைகளிலும் அசையும். சிறியது, விரைவானது. நுண்ணிய திருத்தம் செய்வது கடினம். இறுக்கியபின் சட்டகம் சற்றுத் தாழ்வது மலிவான பந்துத் தலைகளின் பொதுக் குறையாகும்.
- பற்சக்கரத் தலை: திருகியைச் சுழற்றி மிக நுண்ணிய அளவில் நகர்த்தலாம். எடையும் விலையும் அதிகம்.
- கிம்பல் தலை: பெரிய தொலைவில்லையை அதன் ஈர்ப்பு மையத்திலேயே தொங்கவிடுவது. கையை எடுத்தாலும் வில்லை அதே நிலையில் நிற்கும். பறவைகளைப் பின்தொடர ஏற்றது.
- பாய்மத் தலை: நிகழ்படத்திற்கு உரியது. தடையின் அளவை மாற்றலாம். சிறந்தவற்றில் கருவி முன்னோ பின்னோ சாயாமல் தடுக்கும் எதிரெடை வில் உண்டு.
- பரந்தகாட்சித் தலை: வில்லையின் ஒளிநுழை துளை அமைந்த புள்ளியை மையமாகக் கொண்டு சுழல்வது. அருகிலும் தொலைவிலும் உள்ள பொருட்கள் இடம் மாறாமல் பல படங்களை இணைக்க உதவும்.

நிகழ்பட முக்காலிகளில் தலை அமரும் இடம் கிண்ண வடிவில் இருக்கும். 75 மி.மீ., 100 மி.மீ., 150 மி.மீ. என்பன வழக்கமான கிண்ண அளவுகள். கால்களின் நீளத்தை மாற்றாமலேயே தலையைச் சமப்படுத்தலாம் என்பது இதன் பயனாகும். சமப்படுத்தப்படாத தலையைத் திருப்பினால் அடிவானம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே செல்லும். நிலைப்படத்திற்கான பந்துத் தலையைக் கொண்டு திருமண நிகழ்படம் எடுப்பவர்கள் எதிர்கொள்ளும் முதன்மைச் சிக்கல் இதுவாகும்.

தெரிவு செய்தல்

தாங்கும் எடை

நிறுவனங்கள் குறிப்பிடும் தாங்கும் எடையை அளப்பதற்கு அனைவரும் பின்பற்றும் பொதுமுறை இல்லை. அது பெரும்பாலும் கால் நழுவாமல் தாங்கும் எடையையே குறிக்கும். படம் தெளிவாக அமையும் எடையைக் குறிப்பதில்லை. எனவே கருவி, வில்லை ஆகியவற்றின் மொத்த எடையைப் போல் குறைந்தது இருமடங்கு தாங்கும் எனக் குறிப்பிடப்பட்ட முக்காலியைக் கொள்வது பாதுகாப்பானது.

எடையைவிட முக்கியமானது திருப்புத்திறன் ஆகும். 2.5 கி.கி. எடையுள்ள கருவியின் ஈர்ப்பு மையம் திருகாணிக்கு 10 செ.மீ. முன்னால் இருப்பின், தலையின் மீது ஏறத்தாழ 2.5 நியூட்டன்-மீட்டர் திருப்புத்திறன் இடைவிடாது செயல்படுகிறது. வில்லையிலேயே உள்ள முக்காலி வளையத்தைக் கொண்டு ஈர்ப்பு மையத்தின் நேர்கீழே பொருத்தினால், வில்லை கிடைமட்டமாக இருக்கும்வரை இது ஏறத்தாழச் சுழியாகிவிடும். அதே முக்காலி, அதே எடை. ஆனால் உறுதியில் பெரும் வேறுபாடு ஏற்படுகிறது.

உயரம்

காண்குழி வழியாகக் குனியாமல் பார்க்கும் உயரமே தேவையான உயரமாகும். 165 செ.மீ. உயரமுள்ள ஒருவரின் கண்மட்டம் ஏறத்தாழ 153 செ.மீ. ஆகும். அதிலிருந்து தலையின் உயரம் 11 செ.மீ., கருவியின் அடியிலிருந்து காண்குழி வரை 9 செ.மீ. ஆகியவற்றைக் கழித்தால், நடுத்தண்டு இன்றி 133 செ.மீ. உயரும் கால்கள் போதும். சரிவிலும் படிக்கட்டிலும் ஒரு காலைக் கூடுதலாக நீட்ட வேண்டியிருப்பதால் 10 முதல் 20 செ.மீ. மிகுதியாக இருப்பது நல்லது.

சுமக்கும் எடை

வீட்டிலேயே விட்டுச் செல்லப்படும் முக்காலி எவ்வளவு உறுதியானதாயினும் பயன்தராது. வண்டியிலிருந்து சில அடி தூரம் மட்டும் எடுத்துச் செல்பவருக்கு 4 கி.கி. சுமையாகாது. மலையேறுபவருக்கு 1.5 கி.கி. கூடச் சுமையாகும். பணத்தைச் சேமிக்க வேண்டியவர் அலுமினியக் கால்களையும் நல்ல தலையையும் வாங்கலாம். கால்களின் எடை கூடுமே தவிர உறுதியில் பெரிய இழப்பு ஏற்படாது. கார்பன் கால்களின் மீது மலிவான தலையைப் பொருத்துவது இதற்கு நேர்மாறான, தவிர்க்கவேண்டிய தெரிவாகும்.

கடையில் செய்யத்தக்க சோதனைகள்

1. நடுத்தண்டு தவிர மற்ற எல்லாத் துண்டுகளையும் நீட்டிப் பூட்டி, உச்சித்தட்டை இரு கைகளாலும் அழுத்த வேண்டும். கால்கள் நழுவக் கூடாது.
2. உச்சித்தட்டைப் பிடித்து இடமும் வலமும் முறுக்க வேண்டும். கால்கள் சேரும் மூட்டில் தளர்ச்சி தென்படக் கூடாது.
3. சொந்தக் கருவியையும் தம்மிடம் உள்ள மிக நீண்ட வில்லையையும் பொருத்தி, தொலைவில் உள்ள ஒரு புள்ளியைச் சட்டகத்தின் நடுவில் வைத்துத் தலையைப் பூட்டி, கையை எடுக்க வேண்டும். புள்ளி கீழிறங்கினால் அத்தலை பொருந்தாது.
4. திரையில் உருவத்தை 10 மடங்கு பெரிதாக்கி, காலை விரலால் மெல்லத் தட்ட வேண்டும். நடுக்கம் எத்தனை நொடியில் அடங்குகிறது என்பதே முக்காலியின் உண்மையான தர அளவாகும்.
5. நிகழ்படத் தலையாயின், மெதுவாகத் திருப்பி நிறுத்திக் கைப்பிடியை விட வேண்டும். சட்டகம் பின்னோக்கித் துள்ளக் கூடாது.
6. மாற்றுப் பிணைத்தட்டு, இரப்பர்ப் பாதம், பூட்டு ஆகிய உதிரிப் பாகங்கள் தனியே கிடைக்கின்றனவா எனக் கேட்டறிய வேண்டும்.

இடத்திற்கேற்ற தெரிவு: விழுப்புரம் வட்டாரம்

ஒரே நிலப்பகுதியிலும் முக்காலியின் தேவை எவ்வளவு வேறுபடும் என்பதற்கு விழுப்புரம், திண்டிவனம், கண்டமங்கலம் ஆகியவற்றைச் சூழ்ந்த பகுதி நல்ல எடுத்துக்காட்டாகும். மலைக்கோட்டை, குடைவரை, ஏரி, உப்பளம், தெருக்கூத்துக் களம் ஆகிய அனைத்தும் இங்கு ஓரிரு மணி நேரப் பயணத் தொலைவில் அமைந்துள்ளன. அருகிலுள்ள புதுச்சேரியில் 1955 இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு நிறுவனம், தென்னிந்தியக் கோயில்கள், சிற்பங்கள் பற்றிய ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட ஒளிப்படங்களைத் தொகுத்துள்ளது. சிதைந்தும் களவுபோயும் மறைந்த சிற்பங்களுக்கு இத்தகைய படங்களே சான்றாக நிற்கின்றன என்பதால், தெளிவான படம் என்பது இங்கு அழகு பற்றியது மட்டுமன்று.

குடைவரைகளும் ஓவியங்களும்

மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில், செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றி அமைக்கப்பட்டதாக அதன் கல்வெட்டே கூறும் சிறப்புடையது. முகப்பில் உள்ள வாயிற்காவலர் சிற்பங்களுக்கு வெளிச்சம் உண்டு. உட்பகுதி இருண்டது. பனமலை தாளகிரீசுவரர் கோயிலில் இராசசிம்ம பல்லவன் காலத்து அம்மை ஓவியத்தின் எச்சம் காணப்படுகிறது. இத்தகைய பழைய ஓவியங்களின் மீது மின்வெட்டொளியைப் பயன்படுத்துவது தவிர்க்கப்பட வேண்டும். கிடைக்கும் ஒளியில் பல நொடிகள் ஒளிபடச் செய்து எடுப்பதே முறை. நிறம் உதிர்ந்துகொண்டே இருக்கும் ஓவியத்தில் இன்று தெளிவின்றி எடுக்கப்பட்ட பகுதியை நாளை மீண்டும் எடுக்க முடியாமல் போகலாம். இப்பணிக்கு உயரம் குறைந்த, நடுத்தண்டு இல்லாத கால்களும் மூவழித் தலை அல்லது பற்சக்கரத் தலையும் பொருந்தும். கல்தரையைக் கீறாத இரப்பர்ப் பாதங்கள் கட்டாயம் தேவை.

செஞ்சிக் கோட்டை

2025 இல் மராட்டியப் படைத்தள நிலத்தோற்றங்களின் ஒரு பகுதியாக யுனெசுக்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட செஞ்சிக் கோட்டையின் இராசகிரி உச்சிக்கு நெடிய படிக்கட்டு ஏற வேண்டும். உச்சியில் காற்று வலுவாக வீசும். எடை குறைந்த முக்காலியே ஏறும், எடை மிகுந்த முக்காலியே நிற்கும் என்பது இங்குள்ள முரண்பாடு. 1.5 கி.கி. அளவிலான கார்பன் முக்காலியைக் கொண்டு சென்று, உச்சியில் அதன் கொக்கியில் தோள்பையைத் தொங்கவிட்டு எடை கூட்டுவது நடைமுறைத் தீர்வாகும். பை ஊசலாடினால் அதுவே அதிர்வை உண்டாக்கும் என்பதால், அதன் அடி தரையைத் தொடுமாறு தொங்கவிட வேண்டும்.

திருவக்கரை கல்மரங்கள்

வானூர் வட்டத்தில் உள்ள திருவக்கரையில் தேசிய கல்மரப் பூங்கா 1940 இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையால் அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் பழைமையான இக்கல்மரங்கள் தரையில் கிடப்பவை. மரத்தின் இழையமைப்பைக் காட்ட அண்மைப் படங்கள் தேவை. கால்களை ஏறத்தாழக் கிடையாக விரித்துத் தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் கருவியை நிறுத்தக்கூடிய முக்காலி இங்கு பொருந்தும்.

ஊசுட்டேரியும் கழுவேலியும்

புதுச்சேரி, தமிழ்நாடு எல்லையில் அமைந்த ஊசுட்டேரியும், 2021 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலியும் வலசைப் பறவைகளின் புகலிடங்கள். இங்கு 400 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட வில்லைகள் பயன்படுகின்றன. தடித்த கால்களும் கிம்பல் தலையும் தேவை. கரைச் சேற்றில் பாதங்கள் படம் எடுக்கும்போதே சிறிது சிறிதாகப் புதையும். முதலிலேயே ஆழமாக அழுத்தி ஊன்றுவதோ பாதங்களின் அடியில் பலகைத் துண்டுகளை வைப்பதோ இதனைத் தவிர்க்கும்.

தெருக்கூத்தும் திருமணமும்

இப்பகுதியில் திரௌபதியம்மன் கோயில் விழாக்களை ஒட்டி நடைபெறும் தெருக்கூத்து இரவு முழுவதும் நீடிக்கும். பல மணி நேரம் கருவியைக் கையில் தாங்குவது இயலாது. 75 மி.மீ. கிண்ணமும் பாய்மத் தலையும் கொண்ட நிகழ்பட முக்காலி இதற்கு ஏற்றது. மக்கள் தரையில் அமர்ந்திருப்பதால், முன்புறத்தில் உயரமான முக்காலியை நிறுத்துவது அவர்களது பார்வையை மறைக்கும். பின்புறமோ பக்கவாட்டிலோ நிறுத்த வேண்டும். ஒலிபெருக்கிப் பெட்டிகளின் அதிர்வு தரை வழியாகப் பரவுவதால் அவற்றிலிருந்து விலகி நிற்பது நல்லது.

திருமண மண்டபங்களில் மணமேடை பெரும்பாலும் பலகைகளால் ஆனது. மேடையில் ஒருவர் நடந்தாலும் அதன்மீதுள்ள முக்காலி அசையும். தாலி கட்டும் நேரத்தில் பலர் ஒரே சமயத்தில் மேடையேறுவதால் அசைவு மிகுவதும் அப்போதே ஆகும். அந்நிகழ்வை மீண்டும் நடத்திப் படம்பிடிக்க இயலாது. ஆகவே முதன்மைக் கருவியை மேடையில் நிறுத்தாமல் எதிரே கல்தரையில் நிறுத்துவதே பாதுகாப்பானது.

பயன்படுத்தும் முறை

- முதலில் மேலுள்ள தடித்த துண்டுகளை நீட்ட வேண்டும். மெலிந்த கடைசித் துண்டை இறுதியாகவும், நடுத்தண்டை வேறு வழியில்லாதபோது மட்டுமே நீட்ட வேண்டும்.
- ஒரு கால் வில்லை நோக்கும் திசையில் அமைய வேண்டும். நீண்ட வில்லையின் எடையை அது தாங்கும். பின்னால் உள்ள இரு கால்களுக்கு இடையே படமெடுப்பவர் நிற்கலாம்.
- சரிவில் இரண்டு கால்கள் தாழ்ந்த பக்கம் இருக்க வேண்டும்.
- உச்சித்தட்டில் உள்ள ரசமட்டத்தைக் கொண்டு முதலில் கால்களையும், பின்னர் தலையையும் சமப்படுத்த வேண்டும்.
- விரலால் பொத்தானை அழுத்துவதே அதிர்வை உண்டாக்கும். தொலைவிசை அல்லது 2 நொடி தாமதப் பதிவைப் பயன்படுத்த வேண்டும்.
- ஆடி உள்ள கருவிகளில் ஆடி எழும் அதிர்ச்சி, ஏறத்தாழ 1/60 முதல் 1 நொடி வரையான ஒளிபடும் நேரங்களில் மிகுதியாகத் தெரியும். ஆடியை முன்கூட்டியே உயர்த்தும் வசதியைப் பயன்படுத்தலாம்.
- சில பழைய வில்லைகளின் உருவ நிலைப்படுத்தி, முக்காலியின் மீது தானே அசைவை உண்டாக்கும். அதனை நிறுத்திவைக்க வேண்டும்.
- நிகழ்படத்தில் ஒரு பொருள் சட்டகத்தின் ஓரத்திலிருந்து மறு ஓரத்தை அடைய ஏறத்தாழ 7 நொடிகள் ஆகுமாறு திருப்புவது கண்ணுக்கு இதமானது.
- மக்கள் நடமாடும் இடத்தில் கருவியைப் பொருத்திய முக்காலியைத் தனியே விட்டுச் செல்லக் கூடாது. மின்கம்பிகளைத் தரையோடு ஒட்டிவைக்க வேண்டும். முக்காலி கவிழ்வதற்குக் காற்றைவிடக் கால் தடுக்குவதே பெரிய காரணமாகலாம்.

பராமரிப்பு

மரக்காணம் உப்பளங்கள், கழுவேலிக் கழிமுகம், கடற்கரை ஆகிய இடங்களில் பயன்படுத்திய முக்காலியை அன்றே நன்னீரால் கழுவி, எல்லாத் துண்டுகளையும் நீட்டிய நிலையில் நிழலில் உலர்த்த வேண்டும். உப்பு படிந்த அலுமினியக் குழாய்களும் திருகாணிகளும் விரைவில் அரிக்கப்படும். ஈரம் உள்ளே இருக்கும்போது மடித்து வைப்பது இதனை விரைவுபடுத்தும். மணல் புகுந்த திருகுப் பூட்டை வலிந்து திருகாமல், கழற்றித் துடைத்தபின் பூட்ட வேண்டும். பாய்மத் தலையைத் தண்ணீரில் கழுவக் கூடாது. ஈரத்துணியால் துடைப்பது போதும்.

மாற்றுக் கருவிகள்

ஒற்றைக்கால் தாங்கி விரைந்து இடம் மாறும் விளையாட்டு, பறவை ஒளிப்படத்திற்கு உதவும். ஆனால் நொடிக்கணக்கான ஒளிபடும் நேரத்திற்கு ஏற்றதன்று. அரிசி, பயறு அல்லது மணல் நிரப்பிய துணிப்பை, மதில் மீதும் வண்டியின் சன்னல் மீதும் பெரிய வில்லையை வியக்கத்தக்க உறுதியுடன் தாங்கும். வளையும் கால்களைக் கொண்ட சிறு முக்காலிகள் செல்பேசிக்கும் எடை குறைந்த கருவிக்கும் போதுமானவை. கருவியுடன் நடந்து செல்லும் காட்சிகளுக்கு 1970களில் காரெட் பிரவுன் உருவாக்கிய ஸ்டெடிகேமும், அண்மைக்கால மின்னோடி நிலைப்படுத்திகளும் பயன்படுகின்றன. இவை அசைவைச் சீராக்குபவையே தவிர, கருவியை அசையாமல் நிறுத்துபவை அல்ல.

கட்டுப்பாடுகள்

இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னங்களில் கையில் பிடித்துப் படமெடுப்பதற்கும் முக்காலியைப் பயன்படுத்துவதற்கும் விதிகள் வேறுபடுகின்றன. முக்காலிக்கு முன் அனுமதி பெற வேண்டும். சரணாலயங்களில் வனத்துறையின் அனுமதி தேவை. கோயில்களின் கருவறையைப் படமெடுப்பது பொதுவாகத் தடை செய்யப்பட்டுள்ளது. அனுமதி கிடைக்காத இடங்களில் துணிப்பையோ, தூணில் சாய்ந்து நின்று பல படங்களைத் தொடர்ந்து எடுத்து அவற்றுள் தெளிவானதைத் தெரிவு செய்வதோ ஓரளவு உதவும். எனவே முக்காலியைத் தெரிவு செய்யும்போதே, அதனை ஊன்ற அனுமதி உள்ள இடம் எது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- ஒளிப்படவியல்
- குவியத் தூரம்
- தொலைவில்லை
- நிகழ்படம்
- செஞ்சிக் கோட்டை
- மண்டகப்பட்டு
- திருவக்கரை